விமானத்தின் வயிற்றில் காத்திருந்த ராக்கெட்: ஐகான் ஏவப்பட்ட கதை

2019 அக்டோபர் 10, இரவு ஒன்பதரை மணி. ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சுக்குக் கிழக்கே, அட்லாண்டிக் கடலுக்கு மேல் 39,000 அடி உயரத்தில் ஸ்டார்கேஸர் விமானம் பறந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றடியில் 23 டன் எடையுள்ள பெகசஸ் எக்ஸ்எல் ராக்கெட். ராக்கெட்டின் முன்முனையில், வெப்பக் கவசத்துக்குள், 288 கிலோ எடையில் ஐகான் என்ற நாசாவின் விண்வெளி வானிலைச் செயற்கைக்கோள். ராக்கெட்டை விடவேண்டிய நேரம் வந்தது, போனது. விடவில்லை. தரைக்கட்டுப்பாட்டுக்கும் விமானத்துக்கும் நடுவே பேச்சுத் தொடர்பு அறுந்திருந்தது. விமானம் ஒரு பெரிய வட்டம் அடித்து மறுபடி அதே கோட்டுக்கு வந்தது. 9 மணி 59 நிமிடத்துக்கு ராக்கெட் விடுபட்டது.

முதலில் 2017-இல் ஏவத் திட்டமிட்டிருந்த செயற்கைக்கோள் இது. ஒத்திவைப்புகளின் பட்டியலைப் படித்தால் எல்லாமே சில்லறைக் காரணங்களாகத் தெரியும்: போல்ட் வெட்டும் சின்னக் கருவி, துடுப்பின் நிலையைச் சொல்லும் ஓர் உணரி, சில நிமிடத் தொடர்பின்மை. எதிலும் எதுவும் வெடிக்கவில்லை, உடையவில்லை. ஆனால் பெகசஸின் வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்றும் சில்லறை அல்ல. மூன்றுக்கும் பின்னால் பழைய விபத்தோ, விபத்தாகியிருக்கக்கூடிய சம்பவமோ இருக்கிறது.

ஐகான் எதைப் பார்க்கப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டருக்கு மேலே காற்று மிக மெலிந்து, சூரியனின் புறஊதாக் கதிர்கள் பட்டு அணுக்கள் மின்னேற்றம் பெறத் தொடங்குகின்றன. அதுதான் அயனிமண்டலம். ஜிபிஎஸ் சிக்னல் அதைக் கடந்துதான் நம் கைப்பேசிக்கு வருகிறது. சிற்றலை வானொலி அதில் பட்டுத்தான் திரும்புகிறது. சூரியப் புயல் வந்தால் அது கலங்கும் என்பது பலகாலமாகத் தெரியும். சூரியன் அமைதியாக இருக்கும் நாளிலும் அது நாளுக்கு நாள் மாறுகிறதே, ஏன் என்பதுதான் ஐகானின் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விதை போட்டது இமேஜ் என்ற முந்தைய செயற்கைக்கோள். பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடுதான் காந்த நடுக்கோடு. அதன் இருபுறமும், ஏறத்தாழ 15 பாகை தள்ளி, மாலைக்குப் பிறகு பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, அடர்ந்த இரண்டு பட்டைகள் நிற்கும். இமேஜ் எடுத்த புறஊதாப் படங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்தப் பட்டைகள் உலகைச் சுற்றி ஒரே சீராக இல்லை, நான்கு இடங்களில் மேடு தட்டி நின்றன. தாமஸ் இம்மல் தலைமையிலான குழு இதை 2006-இல் வெளியிட்டது. வெப்பமண்டலக் காடுகளுக்கு மேல் தினமும் எழும் இடிமழை வளிமண்டலத்தில் ஓர் ஓதத்தை, கடலின் ஏற்றவற்றம் போன்ற அலையை, கிளப்பி, அது நூறு கிலோமீட்டர் உயரம்வரை ஏறி, அங்குள்ள மின்புலத்தையே மாற்றுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அதாவது விண்வெளி வானிலையில் ஒரு பங்கு கீழேயிருந்து, நம் மழையிலிருந்து வருகிறது. அதை நேரடியாக அளந்து நிரூபிக்க ஒரு செயற்கைக்கோள் வேண்டியிருந்தது. அதே இம்மல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து ஐகானின் முதன்மை ஆய்வாளரானார்.

தென்தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது தூரத்து விஷயமே இல்லை. காந்த நடுக்கோடு நம் தலைக்கு மேலே போகிறது. 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியதே அந்தக் கோட்டுக்கு அருகில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் ஆறுபோல ஓடுகிறது. திருநெல்வேலிக்கு அருகே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அதைத் தரையிலிருந்து கவனித்து வருகிறது. அந்த மின்னோட்டத்தை ஓட்டும் மின்புலம்தான் இங்கே பிளாஸ்மாவை மேலே தூக்குகிறது. தூக்கப்பட்டது காந்தக்கோடுகள் வழியாகச் சரிந்து வடக்கே அகமதாபாத், போபால், கொல்கத்தா பக்கமாக இறங்கிக் குவிகிறது. ஐகானின் சுற்றுப்பாதைச் சாய்வு 27 பாகை. வட அரைக்கோளத்தில் நம் நாட்டின் தென்பாதியைத் தாண்டிச் சற்று வடக்கே போய்த் திரும்பும் பாதை அது.

இனி ராக்கெட். பெகசஸின் நீளம் சுமார் 17 மீட்டர், குறுக்களவு 1.27 மீட்டர். மூன்று அடுக்குகள், மூன்றிலும் திட எரிபொருள். முதல் அடுக்கின் முதுகில் 6.7 மீட்டர் அகல முக்கோண இறக்கை, வாலில் மூன்று துடுப்புகள். ஸ்டார்கேஸர் 1974-இல் ஏர் கனடாவுக்காகப் பயணிகள் விமானமாகக் கட்டப்பட்ட லாக்ஹீட் எல்-1011. பிறகு ராக்கெட் சுமக்க மாற்றியமைக்கப்பட்டது. வயிற்றடியில் கொக்கிகள் ராக்கெட்டைப் பிடித்திருக்கும். ராக்கெட்டின் செங்குத்து வால்துடுப்பு முட்டாமல் இருக்க விமானத்தின் அடிப்பாகத்தில் ஒரு குழி வெட்டியிருக்கிறார்கள்.

விமானத்திலிருந்து ஏவினால் அதன் வேகம் ராக்கெட்டுக்கு உதவும் என்று பலர் எழுதுகிறார்கள். அந்த ஆதாயம் மிகக் குறைவு. விமானத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 240 மீட்டர். சுற்றுப்பாதையில் நிற்க நொடிக்கு 7,500 மீட்டர் வேண்டும். மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். உண்மையான ஆதாயம் வேறு இரண்டு. 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் கால்பங்கு. இழுவை குறைகிறது, எரிந்த வாயு சீறி வெளியேறும் நாசிலை அகலமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஏவுதளத்தையே தூக்கிக்கொண்டு போகலாம். பூமியின் நடுக்கோட்டுப் பகுதியை மட்டும் சுற்றவேண்டிய செயற்கைக்கோளுக்கு இது பெரிய வசதி. ஐகானை முதலில் பசிபிக்கில் வடக்கு 9 பாகையில் இருக்கும் குவாஜலீன் தீவிலிருந்து ஏவத்தான் திட்டம். கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க்கில் கோளையும் ராக்கெட்டையும் இணைத்து, விமானத்தில் மாட்டி, ஹவாய் வழியாகத் தீவுக்குப் பறப்பது.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. சாதாரண ராக்கெட் ஏவும் நாள்வரை தரையில் அசையாமல் நிற்கும். பெகசஸோ ஏவுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விமானத்தில் தொங்கிக்கொண்டு போகிறது. மணிக்கணக்கில் அதிர்வு, மைனஸ் 50 பாகைக் குளிர், ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்த மாற்றம். தரைச் சோதனையில் ஒழுங்காக இருந்த ஓர் இணைப்பு, மேலே போனதும் சிணுங்கத் தொடங்கலாம். திரும்பி இறங்கினால் மறுபடி ஒழுங்காகிவிடும். அப்படிப் பறக்கும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறைத் தரையில் பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் பொறுமையை அதிகம் சோதிக்கும் வேலை.

2017 இறுதியில் நடக்கவேண்டிய ஏவுதலைத் தள்ளிப்போட்டது பிரிப்புப் பாகங்கள். அடுக்குகளையும், வெப்பக் கவசத்தையும், கடைசியில் செயற்கைக்கோளையும் ராக்கெட்டோடு இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சரியான நொடியில் வெட்டிவிட, சிறு வெடிமருந்தால் இயங்கும் வெட்டிகள் உண்டு. அவற்றின் நம்பகத்தன்மை மீது சந்தேகம் வந்ததால் ஆராய அவகாசம் கேட்டார்கள்.

அந்தச் சந்தேகத்தை ஏன் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதற்கு 1996 நவம்பர் 4 போதும். அன்று ஒரு பெகசஸ் எக்ஸ்எல், அர்ஜென்டினாவின் எஸ்ஏசி-பி, அமெரிக்காவின் ஹெட்டி ஆகிய இரண்டு செயற்கைக்கோள்களையும் சுமந்து போனது. மூன்று அடுக்குகளும் குறையில்லாமல் எரிந்தன. சுற்றுப்பாதையும் கிடைத்தது. ஆனால் மேலேறும்போது மூன்றாம் அடுக்கின் மின்கலம் கெட்டுப்போய், பிரிப்பு வெடிமருந்துகளுக்கு மின்சாரம் போகவில்லை. எஸ்ஏசி-பி எரிந்துமுடிந்த அடுக்கோடு ஒட்டியபடியே உருண்டது. அதன் கீழே உருளைக் கூட்டுக்குள் இருந்த ஹெட்டி வெளியே வரவே முடியவில்லை. சூரியத் தகட்டை விரிக்க இடமில்லாமல் மின்சாரம் தீர்ந்து செத்தது. ஏவுதல் முழுக்க வெற்றி, பயணம் முழுக்கத் தோல்வி. ராக்கெட் பிரிவதில் 99 சதவீதம் என்று ஒன்று கிடையாது. அந்த வெட்டிகளை யாரும் இரண்டாவது தடவை அழுத்திப் பார்க்க முடியாது.

அடுத்தது 2018 ஜூன். ஸ்டார்கேஸர் ஐகானைச் சுமந்துகொண்டு குவாஜலீனுக்குக் கிளம்பியும்விட்டது. போகிற வழியில் ராக்கெட்டிலிருந்து வந்த தரவில் இயல்பு மீறிய அளவீடுகள் தெரிந்தன. விமானம் ஹவாயிலிருந்து வாண்டன்பர்க்குக்கே திரும்பியது. வால்துடுப்பின் நிலையைச் சொல்லும் உணரியில் சிக்கல். அதை மாற்றினார்கள். ஏவும் இடத்தையும் ஃபுளோரிடாவின் கேப் கேனவரலுக்கு மாற்றினார்கள். 2018 நவம்பர் 7 அதிகாலை, விமானம் ஏவும் இடத்தை நோக்கிப் பறந்துகொண்டிருக்கும்போதே மறுபடி சந்தேகத்துக்குரிய தரவு. அன்றும் ராக்கெட்டை விடாமல் தரையிறங்கினார்கள். அதன்பின் ஏறக்குறைய 11 மாதம்.

ஓர் உணரியின் இரைச்சலுக்கா 11 மாதம்? இங்கேதான் பெகசஸின் கட்டமைப்பைப் பார்க்கவேண்டும். அதன் முதல் அடுக்கின் நாசில் அசையாது. பெரும்பாலான பெரிய ராக்கெட்டுகள் நாசிலைத் திருப்பித் திசை மாற்றிக்கொள்ளும். பெகசஸிலும் இரண்டாம், மூன்றாம் அடுக்குகளுக்கு அந்த ஏற்பாடு உண்டு. முதல் அடுக்குக்கு மட்டும் இல்லை. அது எரியும் ஒரு நிமிடத்துக்கும் சற்று அதிகமான நேரம் முழுக்க, திசை என்பது அந்த மூன்று துடுப்புகளின் கையில்தான். ஒவ்வொரு துடுப்பையும் ஒரு மின்மோட்டார் திருப்புகிறது. கணினி "இத்தனை பாகை திரும்பு" என்கிறது, உணரி "இத்தனை பாகை திரும்பினேன்" என்கிறது. உணரி பொய் சொன்னால் கணினி பொய்யைத் திருத்தப் பார்க்கும். நேராக இருந்த துடுப்பு கோணலாகும். மாற்று வழி எதுவும் இல்லை.

துடுப்பு கைவிட்டால் என்ன ஆகும் என்பது 2001 ஜூன் 2-இல் தெரிந்தது. எக்ஸ்-43ஏ என்ற அதிவேக ஆய்வு விமானத்தைத் தள்ளிவிட, மாற்றியமைத்த பெகசஸ் முதல் அடுக்கை பி-52 விமானத்திலிருந்து விட்டார்கள். வழக்கமான 40,000 அடிக்குப் பதில் 24,000 அடியில். அங்கே காற்று அடர்த்தி, துடுப்பின்மேல் சுமை அதிகம். அந்தச் சுமையைக் கணித்த மாதிரிகள் பிசகாக இருந்தன. விடுபட்ட சுமார் 13 நொடியில் ஒரு பக்கத் துடுப்பு பிய்ந்துபோனது, மற்றவையும் போயின, ராக்கெட் கட்டுப்பாடிழந்தது; பாதுகாப்பு அதிகாரிகள் அதை வெடிக்கவைத்து அழித்தார்கள். அதற்கு முன்பே, 1994-இல், எக்ஸ்எல் வகையின் முதல் பயணமும் காற்றியக்கக் கணக்குப் பிசகால் கட்டுப்பாடிழந்துதான் முடிந்திருந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு, துடுப்பிலிருந்து வரும் ஒரு கோணல் கோட்டைத் திரையில் பார்த்துவிட்டு "பரவாயில்லை, விடு" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? திரும்பிப் போனது சரியான முடிவு. இரண்டாவது தடவை திரும்பியது அதைவிடச் சரி. ஓர் உணரியை மாற்றியும் சந்தேகம் தீரவில்லை என்றால் முதல் நோயறிதல் முழுமையாக இல்லை என்று பொருள்.

மூன்றாவது, அந்த இரவின் தொடர்பு அறுந்த சம்பவம். தரையோடு பேச்சு இல்லாவிட்டால் என்ன, விமானத்துக்குள்தான் எல்லாக் கருவியும் இருக்கிறதே என்று தோன்றலாம். 1993 பிப்ரவரி 9-இல் பிரேசிலின் எஸ்சிடி-1 கோளைச் சுமந்த பெகசஸ் இதே கேப் கேனவரலுக்குக் கிழக்கே விடப்பட்டது. ஏவுதலுக்கான இறங்கு எண்ணிக்கை முடியும் தறுவாயில், ராக்கெட்டை அழிக்கும் கட்டளையைப் பெறவேண்டிய கருவிக்கு சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் பாதுகாப்பு அதிகாரி நிறுத்தச் சொன்னார். அந்தச் சொல் சேரவேண்டிய இடத்தில் தெளிவாகச் சேரவில்லை. பல இணைப்புகள், பல குரல்கள், குழப்பம். எண்ணிக்கை தொடர்ந்தது, ராக்கெட் விடப்பட்டது. அதிர்ஷ்டம், அது ஒழுங்காகவே போய்க் கோளைச் சேர்த்தது. இருந்தும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதை ஒரு விபத்தைப் போலவே விசாரித்து அறிக்கை வெளியிட்டது. வழி தவறும் ராக்கெட்டை அழிக்க முடியுமா என்று உறுதியாகத் தெரியாமல் ராக்கெட்டை விடுவது, கடலில் போகும் கப்பல்களையும் கரையில் இருப்பவர்களையும் பணயம் வைப்பது. 2019-இல் பேச்சு அறுந்ததும் எண்ணிக்கை நின்றது, விமானம் வட்டமடித்தது. ஏவும் சாளரம், அதாவது ஏவக்கூடிய நேர இடைவெளி, 90 நிமிடம் இருந்ததால் அந்த வட்டத்துக்கு நேரமும் இருந்தது. இதுவும் விமான ஏவுதலின் ஒரு நன்மை.

விடுபட்டதும் ராக்கெட் ஐந்து நொடி எரியாமல் விழுகிறது; ஏறத்தாழ 90 மீட்டர். விமானம் விலக இவ்வளவு தூரம் வேண்டும். முதல் அடுக்கு பற்றியதும் இறக்கை காற்றைப் பிடித்து, கிடையாகப் போன ராக்கெட்டை மூக்கு நிமிர்த்துகிறது. முதல் அடுக்கு இறக்கையோடும் துடுப்போடும் கழன்றபின் இரண்டாம் அடுக்கு. அது எரியும்போதே, காற்று இல்லாத உயரம் வந்ததால், வெப்பக் கவசம் பிளந்து விழுகிறது. பிறகு சில நிமிடம் எதுவும் எரியாது. வீசிய வேகத்திலேயே மேலேறி, பாதையின் உச்சிக்கு வந்ததும் மூன்றாம் அடுக்கு எரிந்து, அந்த உச்சியையே வட்டப்பாதையாக்குகிறது. திட எரிபொருளைப் பற்றவைத்தால் பாதியில் நிறுத்த முடியாது. அதனால் மிதக்கும் நேரத்தை நீட்டியும் குறைத்தும், பற்றவைக்கும் கணத்தை நகர்த்தியும்தான் பாதையைத் திருத்தமுடியும். சுமார் 11 நிமிடத்தில் வெட்டிகள் வேலை செய்து, ஐகான் ஏறத்தாழ 590 கிலோமீட்டர் உயரத்தில் தனித்து நின்றது.

அங்கே அது செய்த அளவீட்டின் நுட்பத்தையும் சொல்லவேண்டும். 90 முதல் 300 கிலோமீட்டர்வரை வீசும் காற்றை அளக்க பலூன் ஏறாது, செயற்கைக்கோள் அவ்வளவு தாழ நிலைக்காது. அதனால் மைட்டி என்ற கருவி தூரத்திலிருந்து, ஆக்சிஜன் அணு விடும் இயற்கை ஒளியைப் பார்க்கிறது: 557.7 நானோமீட்டர் பச்சை, 630.0 நானோமீட்டர் சிவப்பு. காற்று நம்மை நோக்கி வந்தால் அலைநீளம் துளி குறையும், விலகினால் கூடும். நொடிக்கு 10 மீட்டர் காற்றுக்கு அந்த மாற்றம் மூன்று கோடியில் ஒரு பங்கு. ஒரு திசையில் பார்த்தால் காற்றின் ஒரு கூறுதான் தெரியும். அதற்காக இரண்டு கண்கள்: ஒன்று போகும் திசைக்கு 45 பாகையில், மற்றது 135 பாகையில். முன்கண் பார்த்த அதே காற்றைச் சுமார் எட்டு நிமிடம் கழித்துப் பின்கண் பார்க்கும். இரண்டையும் சேர்த்தால் காற்றின் திசையும் வேகமும் கிடைக்கும்.

இதில் பிசகக்கூடிய இடம் கோளின் சொந்த வேகம். நொடிக்கு 7,500 மீட்டரில் போகும் கோள் 45 பாகையில் பார்க்கும்போது, நொடிக்கு 5,300 மீட்டர் அந்தப் பார்வைக் கோட்டிலேயே சேர்ந்துகொள்ளும். அதைக் கழித்துத்தான் காற்றைக் கண்டுபிடிக்கவேண்டும். பார்க்கும் திசை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு தவறினால் போதும், நொடிக்கு 9 மீட்டர் பொய்க்காற்று கணக்கில் ஏறிவிடும். ஆகவே கோள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நட்சத்திரங்களை வைத்து நுணுக்கமாக அறியாமல் காற்றை அளக்கவே முடியாது. காற்றைக் கீழே அளக்கும் அதே நேரத்தில், கோளிலேயே இருந்த ஐவிஎம் என்ற கருவி அது நிற்கும் இடத்தின் பிளாஸ்மா எப்படி நகர்கிறது என்று அளந்தது. இரண்டு இடங்களும் ஒரே காந்தக்கோட்டில் அமையும்படி பாதையையும் பார்வையையும் தேர்ந்திருந்தார்கள். வேண்டும்போது கோளைத் திருப்பி, அந்தக் கோட்டின் வடகாலையும் தென்காலையும் சில நிமிட இடைவெளியில் பார்த்தார்கள். கீழே வீசும் காற்று மேலே இருக்கும் பிளாஸ்மாவை அசைக்கிறது என்று கையும் களவுமாகக் காட்ட இதைவிட நல்ல அமைப்பை நான் அறியேன்.

தாமதமும் ஒரு விதத்தில் வாய்ப்பாக அமைந்தது. 2019 டிசம்பர் சூரியச் சுழற்சியின் தாழ்நிலை. சூரியனின் சத்தம் குறைவாக இருந்ததால் கீழேயிருந்து வரும் தாக்கம் தெளிவாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. 2022 ஜனவரி 15-இல் டோங்கா அருகே கடலடி எரிமலை வெடித்தது. சில மணி நேரத்துக்குள் அயனிமண்டலத்தில் மணிக்கு 720 கிலோமீட்டர்வரை காற்று வீசியதை ஐகான் பதிவு செய்தது. அதன் கணக்கில் அதற்கு முன் அவ்வளவு வேகம் பதிவானதில்லை. ஐரோப்பாவின் ஸ்வார்ம் கோள்களின் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, காந்த நடுக்கோட்டின் மேல் ஓடும் அந்த மின்னோட்டம் வழக்கமான உச்சத்தைப்போல ஐந்து மடங்கு பொங்கி, கொஞ்ச நேரம் திசை திரும்பி மேற்காக ஓடியதும் தெரிந்தது. ஐகான் மொத்தம் இயங்கியது மூன்றாண்டுதான். 2017-இலேயே ஏவப்பட்டு அதே ஆயுள் வாய்த்திருந்தால் இந்த நாளுக்கு அது இருந்திருக்காது.

2022 நவம்பர் 25-இல் ஐகானோடு தொடர்பு அறுந்தது. எட்டு நாள் தரையிலிருந்து கட்டளை வராவிட்டால் தன்னைத் தானே அணைத்து மறுபடி இயங்கும்படி அதில் ஒரு காலக்கணிப்பான் வைத்திருந்தார்கள். அந்த எட்டு நாளும் கழிந்தது. டிசம்பர் 5-இல் பார்த்தபோது கோள் பேசவில்லை. மாதக்கணக்கில் முயன்ற பின், 2024 ஜூலையில் நாசா பயணத்தை முடித்துக்கொண்டது. இரண்டாண்டு முதன்மைப் பணியை அது 2021 டிசம்பரிலேயே நிறைவேற்றியிருந்தது. அளவீடுகள் பொதுவெளியில் இருக்கின்றன. தென்னிந்தியாவுக்கு மேலே அது கடந்த நாட்களை எடுத்து, திருநெல்வேலியின் தரைக் காந்தமானிப் பதிவுகளோடு வைத்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு அதில் நிறைய வேலை இருக்கிறது.